பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. மொத்தம் 21 பிள்ளைகள், ஒரே அறை. போன வருடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து 43 அங்குல டிவி ஒன்று வாங்கித் தந்தார்கள். தினமும் ஆங்கில வேளையில் 40 நிமிடம் ரைம்ஸும் கார்ட்டூன் கதைகளும் போடுகிறேன். எல்லாப் பாட்டையும் ஆக்‌ஷனோடு பாடுகிறார்கள். ஆனால் "வேர் இஸ் யுவர் பேக்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஹெச்.எம். சார், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள், தானாக வரும் என்கிறார். நான் தமிழ் வழியில் படித்தவள், என் ஆங்கிலம் சுமார்தான். என் உச்சரிப்பைக் கேட்டுக் கெட்டுப்போவதைவிட டிவியில் நல்ல உச்சரிப்பைக் கேட்பது மேல் இல்லையா? இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் வீட்டில் எந்நேரமும் செல்போன்தான். கார்ட்டூன் குரலிலேயே "ஓ நோ!", "லெட்ஸ் கோ!" என்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அவனை என்ன செய்வது? பிள்ளைகளுக்கு எந்தச் சேனல் போடலாம்? ரிமோட் தொலைந்துவிடும் என்று சார் பீரோவில் வைத்திருக்கிறார், வேளை தொடங்கும்போது வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

21 பேரும் பாடுகிறார்கள், ஒருத்தரும் பேசவில்லை என்று நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். ஆண்டுவிழாவில் அந்தப் பாட்டை மேடையேற்றி, கைதட்டு வாங்கி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று முடித்துக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் நானும் சில தடவை அப்படிக் கைதட்டியிருக்கிறேன்.

என் வயதுக்காரர்கள் இந்தி சினிமாப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடுவோம். அதில் ஒரு சொல்லைத் தனியாக உருவி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தெரியாது. உங்கள் பிள்ளைகள் பாடும் ரைம்ஸும் அப்படித்தான். பாட்டு அவர்களுக்குள் ஒரே கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதே குழந்தைக்குத் தெரியாது. நாளைக்கே சோதித்துப் பாருங்கள். நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மூன்றாவது வரியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டேதான் அங்கே வந்து சேரும்.

பாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கம் போகிறது, வாய் திறக்கிறது, ஆங்கிலத்தின் தாளம் காதில் ஏறுகிறது. அவ்வளவு வேலையைப் பாட்டு செய்யும். மீதி வேலையை அதனிடம் எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம்.

கார்ட்டூன் கதை விஷயத்தில் நானே ஒரு தடவை நன்றாக அசடு வழிந்திருக்கிறேன். பல வருடம் முன்பு, ஆசிரியர்களுக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புக்கு அரை மணி நேரம் ஓர் ஆங்கிலக் கார்ட்டூன் போட்டேன். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சரியான இடத்தில் பயந்தார்கள், சரியான இடத்தில் கைதட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். மறுநாள் அதே பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். முழுக் கதையையும் அழகாகச் சொன்னார்கள், தமிழில். அந்தக் கார்ட்டூனிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் சொல்லுங்கள் என்றேன். ஒன்றுகூட வரவில்லை. ஒரு பெண் மட்டும் யோசித்துப் பார்த்து "மியாவ்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, காதுக்கு அங்கே வேலையே இல்லை. எலி ஓடுகிறது, பூனை துரத்துகிறது, சட்டி உடைகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டாம். பிள்ளைகள் புத்திசாலிகள், தேவையில்லாத வேலையைச் செய்ய மாட்டார்கள். கேட்டால்தான் புரியும் என்ற கட்டாயத்தை நாம் உண்டாக்காவிட்டால், எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஆங்கிலம் பின்னணி இசையாகத்தான் ஓடும். இன்னும் அதிகமாகப் போடுங்கள் என்கிற ஹெச்.எம்.முக்கு இதைச் சொல்லுங்கள்.

அவருக்கு ஆராய்ச்சி ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா குல் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை 2003-ல் வெளியானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து பொம்மையும் புத்தகமும் வைத்து விளையாடினார்கள், மொத்தம் 12 தடவை. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் பேசியதைப் படமாகக் காட்டினார்கள், வேறு சிலருக்கு ஒலியாக மட்டும். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். படமாகவும் ஒலியாகவும் கேட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பேசியவர்களும் அவர்களேதான், பேச்சும் அதேதான்.

அது கைக்குழந்தைகளை வைத்துச் செய்தது, உங்கள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பெரிய பிள்ளைகள் திரையிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 2014-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு காரணத்தைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். நேரில் கற்றுக்கொடுத்தபோது கற்றார்கள். வீடியோ காலில் கற்றுக்கொடுத்தபோதும் கற்றார்கள். முன்பே எடுத்துவைத்த வீடியோவைப் போட்டபோது கற்கவில்லை. கண்ணாடித் திரை இரண்டிலும் இருக்கிறது. வீடியோ காலில் அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்கிறார், குழந்தைக்காக நிற்கிறார். எடுத்துவைத்த வீடியோ யாருக்காகவும் நிற்காது. வகுப்பில் அதை நிற்க வைக்க வேண்டியவர் நீங்கள்.

டிவிக்காரர்களுக்கே இது தெரிந்த விஷயம்தான். 1996-ல் அமெரிக்காவில் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில், நடத்துகிறவர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார், வீட்டில் இருக்கிற குழந்தை பதில் சொல்லட்டும் என்று. ஒரே பகுதியைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. நாள் ஆக ஆகத்தான் அதிகமாகப் பதில் சொன்னார்கள். புதுசு புதுசாகக் காட்ட வேண்டும் என்பது நம் கவலை. அந்த வயதுப் பிள்ளைகள், சொன்ன கதையையே திரும்பச் சொல்லச் சொல்கிறவர்கள்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? உங்கள் 40 நிமிடத்தில் டிவிக்குப் பத்து நிமிடம் போதும். அதிலும் மூன்று நிமிடத் துண்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூனைக்குட்டி வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது, பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று வையுங்கள். மேஜைக்கு அடியில் பார்க்கிறார்கள், பெட்டிக்குள் பார்க்கிறார்கள், கதவுக்குப் பின்னால் பார்க்கிறார்கள். இந்த மாதிரித் துண்டு நிறையக் கிடைக்கும்.

முதல் தடவை ஒலியை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று தமிழிலேயே சொல்லட்டும். அப்போது உங்கள் வாயிலிருந்து மூன்றே மூன்று ஆங்கிலத் துண்டுகள் வரட்டும்: "அண்டர் த டேபிள்", "இன் த பாக்ஸ்", "பிஹைண்ட் த டோர்". சொல்லும்போதே நம் வகுப்பு மேஜையை, சத்துணவுத் தட்டு வைக்கிற பெட்டியை, கதவைக் காட்டுங்கள்.

அப்புறம் டிவி மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு ஒலியை மட்டும் விடுங்கள். இதுதான் முக்கியமான இடம், இதை விட்டுவிடாதீர்கள். அடியில் என்று காதில் விழுந்தால் கையைப் பெஞ்சுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும், பின்னால் என்றால் முதுகுக்குப் பின்னால். படம் இல்லாததால் இப்போது காது வேலை செய்தே ஆக வேண்டும். பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கையை நகர்த்துவார்கள். பரவாயில்லை, அடுத்த நாள் தாங்களே நகர்த்துவார்கள்.

மூன்றாவது தடவை துணியை எடுத்துவிட்டுப் படமும் ஒலியும் சேர்த்து. கேள்வி வந்ததும் நிறுத்துங்கள். "வேர் இஸ் த கேட்?" நிறுத்திவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். சொல்வது சுலபம், செய்து பார்த்தால் அந்த ஐந்து எண்ணுவது ஒரு யுகம் மாதிரி இருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அதுவும் சொந்த மொழியில் நடந்த வகுப்புகள். ஆங்கிலத்தைக் காதில் வாங்கி, தமிழில் புரிந்து, திரும்ப ஆங்கிலத்தில் தேடுகிற பிள்ளைக்கு இன்னும் நேரம் வேண்டாமா?

பதில் வரும்போது "டேபிள் அண்டர்" என்று வரும். கட்டாயம் வரும். தமிழில் மேஜையை முதலில் சொல்லி அப்புறம்தான் அடியில் என்போம், ஆங்கிலம் அதைத் தலைகீழாக வைக்கிறது. பிள்ளை தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் போட்டிருக்கிறது. தப்பு என்று சொல்லாதீர்கள், மூன்று தடவை சொல்லு என்று நிற்க வைக்காதீர்கள். "எஸ்! அண்டர் த டேபிள்!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இருபது தடவை உங்கள் வாயிலிருந்து சரியான வரிசை காதில் விழுந்தால் இருபத்தோராவது தடவை தானாகத் திரும்பும். முப்பதாவது தடவையாகவும் இருக்கலாம், கணக்கு வைக்காதீர்கள்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது, டிவியை அணைத்துவிடுங்கள். மீதி அரை மணி நேரம்தான் பாடம். விளக்குமாறை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வையுங்கள். ஒருவனுடைய பையை உங்கள் நாற்காலிக்கு அடியில் தள்ளுங்கள். "வேர் இஸ் யுவர் பேக்?" இப்போது இந்தக் கேள்விக்கு ஓர் அவசியம் வந்துவிட்டது, பை நிஜமாகவே காணோம். ஒன்றாம் வகுப்பு கையால் காட்டினால் போதும், ஒற்றைச் சொல் வந்தால் கொண்டாடுங்கள். இரண்டாம் வகுப்பு முழுத் துண்டாகப் பதில் சொல்லட்டும். மூன்றாம் வகுப்பு ஒளித்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும், சரியான பதிலைப் பலகையில் எழுதட்டும். மூன்று வகுப்பு ஒரே அறையில் இருப்பது இந்த விளையாட்டுக்குச் சௌகரியம்தான். மறுநாள் அதே துண்டு, அதற்கு மறுநாளும் அதே. வாரத்துக்கு ஒன்று போதும்.

இனி உங்கள் உச்சரிப்பு. டிவியில் கேட்பது மேல் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தமிழ் வழியில் படித்தவள்தான், அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். பேசுகிற ஆளாக நீங்கள் இருங்கள், காதுக்கு மாதிரியாக டிவி இருக்கட்டும். உங்கள் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் அது பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது, அவன் பையைப் பற்றிப் பேசுகிறது. டிவியின் ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவனுக்குப் பை இருப்பதே அதற்குத் தெரியாது. அதுவும் போக, டிவியிலும் ஒரே உச்சரிப்பு கிடையாது. ஒரு வீடியோவில் அமெரிக்கர், இன்னொன்றில் பிரிட்டிஷ்காரர். ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை நாம் "ஸெட்" என்று சொல்லிக்கொடுக்கிறோம், அமெரிக்கப் பாட்டில் அது "ஸீ" என்று வரும். டீச்சர் தப்பாகச் சொல்றாங்க என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். இரண்டும் சரி, ஊருக்கு ஊர் வேறு என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

ஆனால் நாம் உண்மையிலேயே திருத்திக்கொள்ள வேண்டிய ஒலிகள் சில உண்டு, அதற்கு டிவியை நன்றாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு சொல், பெரியது என்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் "பிக்". எழுத்திலேயே வித்தியாசம் மறைந்துவிட்டது. இந்தப் பதிலை எழுதும்போதே எனக்கு அந்தச் சங்கடம் இருக்கிறது, பாருங்கள். அதனால்தான் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்ள விடாதீர்கள் என்று எல்லா டீச்சரிடமும் சொல்வேன். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பன்றியைச் சொல்லும்போது காகிதம் படபடக்க வேண்டும், பெரியதைச் சொல்லும்போது ஆடக் கூடாது. முதலில் நீங்கள் வீட்டில் கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். தமிழில் பகரத்தைச் சொல்லும்போது காற்றை ஊதும் பழக்கம் நமக்கு இல்லாததால் ஆரம்பத்தில் காகிதம் அசையாது. வாயை நெருக்கத்தில் காட்டுகிற வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றை வைத்துப் பழகிக்கொண்டு வகுப்பில் காகிதத்தைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. மின்விசிறிக்கும் அப்படித்தான், மேல் பல் கீழ் உதட்டைத் தொடாவிட்டால் தலைக்கு மேலே சுற்றுவது பேன் ஆகிவிடும். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

செல்போன் பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் கார்ட்டூன் குரலில் பேசுவதைப் பார்த்து யாரும் கேலி செய்ய விடாதீர்கள், நீங்களும் செல்லமாகக்கூடச் செய்யாதீர்கள். உங்கள் வகுப்பில் ஆங்கிலத்தைக் கூச்சமில்லாமல் வாயில் போட்டுக்கொள்கிற ஒரே பிள்ளை அவன்தான். அவனிடம் இருக்கிற துண்டுகள் நல்ல துண்டுகள். ஆனால் அவை எதிரில் ஆள் இல்லாமல் வந்து சேர்ந்தவை. ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதுதான் உங்கள் வேலை. சாக்பீஸைக் கீழே போடுங்கள், அவனைப் பாருங்கள். "ஓ நோ!" என்பான். "ஓ நோ! வேர் இஸ் இட்?" என்று நீங்கள் தொடருங்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் வரிசைக்கு முன்னால் அவனை நிறுத்துங்கள், "லெட்ஸ் கோ!" என்று அவன் சொன்னால்தான் வரிசை நகரும் என்று வையுங்கள். ஒரு வாரத்தில் மற்றப் பிள்ளைகள் எனக்கு எப்போது என்று கேட்பார்கள். அவனுக்கோ, வாயில் தானாக வந்துகொண்டிருந்த சொல்லுக்கு 20 பேர் நகர்கிறார்கள் என்று முதல் தடவையாகத் தெரியும்.

கூடவே ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் கேட்டால் பதில் சொல்கிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா? இவற்றுக்கு ஆம் என்றால் கவலை இல்லை. தமிழிலும் பதில் வரவில்லை, கேட்டதையே திருப்பிச் சொல்கிறான் என்றால் அதை ஆங்கிலப் பிரச்சினையாக நினைக்காமல், பெற்றோரிடம் பேசி ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். செல்போனால்தான் இப்படி என்று அம்மாவைக் குற்றவாளியாக்க வேண்டாம். நூறு நாள் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற வீட்டில் செல்போன்தான் பல சமயம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. அவன் தம்பி தங்கைக்குச் சொல்லக்கூடிய அளவு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. வீட்டில் ஆங்கிலத்துக்காக எதைக் காட்டலாம் என்று கேட்கிற தாய்மார்களிடம், படுக்கும்போது தமிழில் கதை சொல்லுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். கதையைக் கேட்டு, இடையில் புகுந்து கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எந்த மொழி வகுப்பும் சுலபம்.

டிவி இருப்பதால் வானொலிப் பழக்கத்தை மறந்துவிட்டோம், எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. கென்யாவில் 1980-களின் தொடக்கத்தில் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வானொலி வழியாகவே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள், தினமும் அரை மணி நேரம். சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற பாடம் இல்லை. வானொலி ஒரு கேள்வி கேட்கும், சில நொடி மௌனம், பிள்ளைகள் கோரஸாகப் பதில் சொல்வார்கள், அப்புறம் வானொலி சரியான பதிலைச் சொல்லும். நட என்றால் நடப்பார்கள், கதவைத் தொடு என்றால் தொடுவார்கள். வகுப்பு ஆசிரியர் பக்கத்தில் நின்று நடத்துவார். படம் இல்லாததால் பிள்ளைகளின் கண் வகுப்பில் இருக்கும், ஆசிரியர் மேல் இருக்கும்.

உங்களிடம் செல்போனும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் இருந்தால் இதை நீங்களே செய்யலாம். நன்றாக ஆங்கிலம் பேசுகிற தோழி யாராவது இருந்தால், ஒரு நிமிடப் பேச்சை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். "ஹலோ சில்ட்ரன், ஐ ஹேவ் எ டாக். டூ யூ ஹேவ் எ டாக்?" என்று அவர் கேட்கட்டும். பிள்ளைகள் பதிலைப் பேசி அனுப்பட்டும். மறுநாள் அதற்கு அவர் பதில் அனுப்புவார், பெயர் சொல்லி. ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்த குரல் தன் ஆட்டைப் பற்றி விசாரிக்கிறது என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரவெல்லாம் அடுத்த வாக்கியத்தை யோசிக்கும். நான் பார்த்த வரை, வெட்கப்படுகிற பிள்ளைகள்கூட போனைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் நிற்க விட்டால் பேசிவிடுகிறார்கள். பதிவைக் கேட்டுவிட்டு, அழித்துவிட்டு, திரும்பப் பேசுவார்கள். நீங்கள் சொல்லாமலே நடக்கிற திருத்தம் அது. ஆனால் பிள்ளைகளின் முகத்தையோ குரலையோ உங்கள் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், யூடியூபில் ஏற்றாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போட்டுக் காட்டினால் போதும்.

எந்தச் சேனல் என்றால், நான் பெயர்ப்பட்டியல் தரப்போவதில்லை. வெளிநாட்டுச் சேனல்தான் உசத்தி என்றும் இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிற சூச்சூ டிவி 2013-ல் நம் சென்னையில் தொடங்கியதுதான். துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும், பின்னணியில் இசை இரைச்சல் இருக்கக் கூடாது, வாயில் வருகிற பொருள் அதே நேரம் திரையில் இருக்க வேண்டும், ஒரே வாக்கியம் நாலைந்து தடவை திரும்பி வர வேண்டும். வேகமாக இருந்தால் வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் குரல் இழுவையாகிவிடும். பனிமனிதனும் ப்ளூபெர்ரியும் வருகிற வீடியோவைவிட ஆடு, கோழி, மழை, பேருந்து வருகிறது நல்லது. மழையைப் போ போ என்று விரட்டுகிற பாட்டை ராமநாதபுரத்துப் பிள்ளைகள் உற்சாகமாகப் பாடிக் கேட்டிருக்கிறேன், அவர்கள் அப்பாக்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ. 2018 முதல் வந்த நம் பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு இருக்கிறது, அதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பாடத்தோடு ஒட்டி வருவதால் மூன்றாம் வகுப்புக்கு உதவும்.

வசனம் எழுத்தாகக் கீழே ஓடுவதை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு நிறுத்திவிடலாம். மூன்றாம் வகுப்பில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குப் போடுங்கள், ஆனால் தமிழில் வேண்டாம், ஆங்கிலத்திலேயே. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996 முதல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்துகொண்டு இதைத்தான் சொல்லிவந்தார். சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரியும் ஓடினால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் தங்களை அறியாமலே படித்துப் பழகுகிறார்கள் என்று. பாட்டு மனப்பாடம் என்பது இங்கே வசதி. உங்கள் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் கட்டியாக மனப்பாடம் ஆகியிருக்கிறது என்றேனே, அந்தக் கட்டியைச் சொல் சொல்லாக உடைக்க இது நல்ல வழி. தானாக உருவாகிற வசனங்களில் தப்பு வரும், முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் துண்டை நீங்கள் மூன்று தடவை பார்த்து, எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவைச் செயலியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் கிராமத்து நெட்டை நம்பி நிற்க வேண்டாம். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள்.

ஹெச்.எம். சாரிடம் 40 நிமிடத்தைப் பத்தாகக் குறைக்கிறேன் என்று சொல்லப் போகாதீர்கள், டிவி வாங்கித் தந்த ஊர்க்காரர்களை நினைத்துப் பயப்படுவார். ஒரு வாரம் கழித்து வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அவருடைய கண்ணாடிக் கூட்டை ஒளித்து வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்க விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று நிமிடத் துண்டைப் பதினைந்து இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் ரிமோட் உங்கள் கையில் இருக்க வேண்டும். பீரோவிலிருந்து அதை வாங்கி, ஒரு கயிறு கட்டி உங்கள் மேஜைக் காலிலேயே மாட்டிவிடுங்கள். தொலையாது என்று சாருக்கும் நம்பிக்கை வரும்.